ரே வைத்த வெல்டிங்

"சும்மா சுத்தி வந்து பாத்துட்டு எழுதிடாதீங்க ஆபீசர். கீழ படுத்துப் பாருங்க."

வண்டியோடு வந்த கிழவர் மில்டன் முதலில் சொன்னது இதுதானா, அதற்கு முன் காலை வணக்கமாவது சொன்னாரா என்று வண்டி ஆய்வாளர் டீனாவால் இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. காற்று பலமாக அடித்தது மட்டும் நினைவிருக்கிறது. நெப்ராஸ்காவில் மே மாதம் காற்று அடிக்காத நாள் ஏது?

வண்டிகளைச் சோதித்துச் சான்று கொடுக்கும் ஷெரிஃப் அலுவலகத்தின் பின்னால், சரளைக்கல் முற்றத்தில் அந்த டாலி நின்றது. காரின் முன்சக்கரங்களைத் தூக்கி உட்காரவைத்து, பின்சக்கரங்களைத் தரையில் உருளவிட்டு இழுத்துப் போகும் இரண்டு சக்கர வண்டி. டிராக்டர் பச்சையில் புதுப் பெயிண்ட். அதை இழுத்து வந்த, படுக்கையும் அடுப்பும் உள்ள பெரிய பயண வண்டியின் படியில் ஓப்பல் உட்கார்ந்திருந்தாள். எழுபது தாண்டியவள். மடியில் காபிக் குடுவை, பக்கத்தில் கொடிமுந்திரி வைத்த கொலாச்சி ரொட்டிகள்.

"அந்தப் பொண்ணு சட்டைய அழுக்காக்காம விடமாட்டீங்க போல, மில்டன்" என்றாள்.

"அழுக்காகட்டும்."

டீனா வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. இதுவரை யாரும் அவளைச் சரளையில் படுக்கச் சொன்னதில்லை. படுத்தாள்.

"மேடம், இது யார் செஞ்சது?" என்று அடியிலிருந்து கேட்டாள்.

"என் வீட்டுக்காரர் ரே. அவரே இரும்பு வாங்கி, அவரே செஞ்சது. பதிவு பண்ணலாம்னு இங்க கொண்டுவந்தார். லாயக்கில்லைன்னு எழுதிட்டாங்க. அது ஆச்சு இருபத்தாறு வருஷம். அப்புறம் கோழிக் கொட்டகைக்குப் பின்னாலயே கிடந்துச்சு. மேற்கே மலையெல்லாம் பாக்கப் போகணும்னு இருந்தோம். போகவே இல்ல."

"அப்ப பாத்தவன் ஒரு மடையன்" என்றார் மில்டன். "மழை பெய்யுதுன்னு ஜன்னல் வழியாவே பாத்துட்டு எழுதினான்."

"மடையன்னு எல்லாம் சொல்லாதீங்க. அன்னிக்கு நிஜமாவே நல்ல மழை."

"மழையில நனைஞ்சா கரைஞ்சா போயிடுவான்?"

ஓப்பல் ரொட்டிகளைக் காற்று படாமல் மூடிவைத்தாள்.

ரே போன இலையுதிர் காலத்தில் இறந்தார். அடக்கம் முடிந்த மறுவாரம் மில்டன் வந்து, அந்த டாலியை ஒரு குளிர்காலம் மட்டும் தன்னிடம் விடும்படி கேட்டாராம். இன்றும் தேறாவிட்டால் பழைய இரும்புக்காரன் எடுத்துக்கொண்டு போவான். அவன் ஏற்கனவே இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டான்.

டீனா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சக்கரத்தைச் சுழற்றினாள், சத்தமே இல்லை. விளக்குகள் எரிந்தன. பிரேக் பிடித்தது. பாதுகாப்புச் சங்கிலிகள் கொக்கிக்குக் கீழே குறுக்காகப் போயிருந்தன. டயரில் அச்சடித்த தேதிகூட இந்த ஆண்டுதான்.

பிறகு அவள் டார்ச் ஒரே இடத்தில் நின்றது.

"நீட்டுக் கம்பி அச்சோட சேர்ற இடத்துல ஒரு கோடு தெரியுது. விரிசல் மாதிரி."

குடுவையைத் திறந்துகொண்டிருந்த ஓப்பலின் கை அப்படியே நின்றது.

"விரிசலா இருந்தா என்னால கையெழுத்துப் போட முடியாது, மேடம்."

மில்டன் கம்பித் தூரிகை ஒன்றை எடுத்து அடியில் நீட்டினார். "தேயுங்க."

"புதுப் பெயிண்ட் போயிடும் சார்."

"போகட்டும். சந்தேகத்தோட எழுதாதீங்க. தேறும்னும் வேண்டாம், தேறாதுன்னும் வேண்டாம்."

டீனா தேய்த்தாள். பச்சை போனது, அதனடியில் சிவப்பு போனது, கடைசியில் இரும்பு வெளுத்தது. கோடு காணாமல் போனது. பெயிண்ட் வழிந்து காய்ந்த தடம் அது. அதனடியில் வெல்டிங், அடுக்கிய காசுகள் ஒருபக்கம் சாய்ந்ததுபோல வரிசை தப்பாமல் படிந்திருந்தது. அவள் விரலால் தடவிப் பார்த்தாள்.

"இவ்வளவு சுத்தமான வெல்டிங் நான் பாத்ததில்ல. எங்க கத்துக்கிட்டீங்க சார்?"

"என்னுது இல்லம்மா." என்றார் மில்டன். "டயர், பேரிங், பிரேக், வயர், பெயிண்ட், இதெல்லாம்தான் நான். இரும்புல நான் கை வைக்கல. வைக்க வேண்டிய அவசியமே இல்ல. இது ரே வச்சது. அன்னிக்கு எப்படி இருந்துச்சோ, அப்படியேதான் இருக்கு."

ஓப்பல் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தேர்வில் முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளையின் தாயைப்போல இருந்தது அவள் முகம். "நான் அப்பவே சொன்னேன்ல" என்று யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்.

டீனா எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டாள். "தேறிடுச்சு. பதிவு நம்பர இரும்புல குத்திடலாம். ஒரே ஒரு சிக்கல்." உள்ளே போய்ப் பழைய கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து வந்தாள். "இங்க ஒரு வழக்கம் வச்சிருக்காங்க. பழைய நிராகரிப்ப ரத்து பண்ணணும்னா, எழுதினவர் உயிரோட இருந்தா அவர்தான் ரத்து பண்ணணும். கையெழுத்து கோழி கிளறினாப்ல இருக்கு, பேரே புரியல. அந்த மனுஷன எங்க போய்த் தேடுறது?"

மில்டன் தொப்பியைக் கழற்றினார். வெகுநேரம் அதன் உட்புறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓப்பல் மூன்று கோப்பைகளில் காபியை ஊற்றினாள். "உள்ள போங்க மில்டன்" என்றாள் மெதுவாக. "சீக்கிரம் வாங்க, ஆறிடும்."

அந்த ஜூனில் ஓப்பல், ரேயின் காரை டாலியில் ஏற்றிக்கொண்டு தனியாகவே மேற்கு மலைகள்வரை ஓட்டிப்போய்த் திரும்பினாள். அடுத்த ஆண்டும் போனாள். டீனா அதே வேலையில்தான் இருக்கிறாள். மில்டன் அதற்கடுத்த மார்ச்சில் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். அந்தத் தாள் இன்னும் கோப்பில் இருக்கிறது: 'சாலைக்கு லாயக்கில்லை' என்ற வரியின் கீழும், 'நான் எழுதியது தவறு' என்ற வரியின் கீழும் இருப்பது ஒரே கோழிக் கிளறல், அந்த அலுவலகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் ஆய்வாளராக இருந்த மில்டன் க்ரேச்சியின் கையெழுத்து.