எண்ணெய் ஆகாத சம்பந்தி

“எண்ணெய்ச் சாமான் எனக்கு ஆகாது, தங்கச்சி. பித்தப்பையில கல்லு.”

முத்துலிங்கம் வடைத் தட்டை ஒரு விரலால் மெல்லத் தள்ளிவைத்தார். கதவோரம் நின்ற அனோஜா, அவருக்கு எதிரே இருந்த தாயைத் திரும்பிப் பார்த்தாள்.

அவர் நிருஷனின் தகப்பன். முரசுமோட்டையில் ஆறு ஏக்கர் வயல், மனைவி இல்லை, ஒரே மகன். அந்த மகனும் அனோஜாவும் கொழும்பில் ஒரே ஆடைத் தொழிற்சாலையில் வேலை. விருப்பமும் அங்கேதான் தொடங்கியது. பெண் கேட்டு வருவதற்கு அவரைச் சம்மதிக்க வைக்க நிருஷனுக்கு மூன்று மாதம் பிடித்தது.

அனோஜாவின் தாய் கௌசலாவுக்கும் சம்மதம்தான். ஒரேயொரு நிபந்தனை. கௌசலாவின் குடும்பம் மலையகத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்து அரை நூற்றாண்டு ஆகப்போகிறது. இவர்கள் வெட்டிக் குவித்த நெல்லைச் சாப்பிடுகிறவர்களில் சிலர், இவர்கள் வீட்டில் இன்னும் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

“நம்ம வீட்டுல கை நனைக்காத ஆளு வீட்டுக்கு ஒன்னய அனுப்ப மாட்டேன். அவரு சாப்புட்டாத்தான் சம்மந்தம்” என்று கௌசலா நேற்றே சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

கல் என்ற சொல்லைக் கேட்டதும் அனோஜாவுக்குப் பாதி உயிர் திரும்பியது. நோய் வருத்தம் உள்ளவர் எண்ணெயைத் தொடாவிட்டால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கௌசலாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வலி எந்தப் பக்கம் என்று விசாரித்தாள். வலது விலாவுக்குக் கீழே தொடங்கித் தோள்மூட்டு வரைக்கும் ஏறும் என்று அவர் தொட்டுக் காட்டினார். கல் குழாய்க்குள் இறங்கிவிட்டால் கண் மஞ்சளாகிவிடும், சலம் தேத்தண்ணி நிறத்தில் போகும் என்றும் விளக்கினார். ஸ்கானில் மூன்று கல் தெரிந்ததாம். வருத்தத்தைப் பற்றிக் கதைக்கும்போது மட்டும் மனிதர் தாராளமாகவே இருந்தார்.

“ஆப்பரேசன் பண்ணிக்கச் சொல்லலீங்களா?”

“சொன்னவை. நான் கத்தி வைக்க விடமாட்டன் எண்டு சொல்லிப்போட்டன்.”

நிருஷன் தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அனோஜா குசினிக்குள் ஓடி இடியப்பமும் சொதியும் கொண்டுவந்தாள். தேங்காய்ப்பாலும் கொழுப்புத்தான் என்றார். அவித்த மரவள்ளியை உப்புத் தூவிக் கொண்டுவந்தாள். கிழங்கு வாயுவாம். வெறும் தேத்தண்ணி பித்தமாம். ஒரு சின்னப் பைக்கு ஆகாத சாமான் உலகத்தில் இவ்வளவு இருக்கிறதே என்று அவளுக்கு அதிசயமாக இருந்தது.

இடையில் அவர், காணி எத்தனை ஏக்கர், உறுதிப் பத்திரம் இருக்கிறதா என்று கேட்டார். அந்த வீட்டைப் பற்றி வேறொன்றும் கேட்கவில்லை.

கடைசியில் இரங்கி வந்தவர்போல, “மூடி உடைக்காத சோடா இருந்தா ஒரு வாய் குடிக்கிறன், பிள்ளை” என்றார்.

அனோஜாவின் கையிலிருந்த தட்டு கனத்தது. வாயு கிழங்கில் இருக்கக்கூடாது, சோடாவில் இருக்கலாம். இந்த வீட்டுப் பாத்திரமும் இந்த வீட்டுக் கையும் படாத ஒன்றைத்தான் அவருடைய பித்தப்பை ஏற்றுக்கொள்ளும். அவள் நிருஷனைப் பார்த்தாள். அவன் நிமிரவில்லை. எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள். தாயைப் பார்க்கவே பயமாக இருந்தது.

கௌசலா கதிரையைச் சற்று முன்னால் இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். குரல் உயரவில்லை.

“அந்தக் கல்ல எடுத்துப் பத்து மாசம் ஆச்சுங்களே. நான் வேலை பாக்குற ஆஸ்பத்திரியிலதான். ஒங்கள வண்டியில வச்சு தியேட்டருக்குத் தள்ளிட்டுப் போனதே நான்தான். மாஸ்க் போட்டிருந்தேன், ஒங்களுக்கு அடையாளம் தெரியல.”

முத்துலிங்கம் அப்போதுதான் கௌசலாவின் முகத்தைச் சரியாகப் பார்த்தார்.

“மகன் கொழும்புல, பாக்க ஆளில்லன்னு சொன்னீங்க. மனசு கேக்காம மூணு நாள் கஞ்சி கொண்டாந்து குடுத்தேன். அது ஆஸ்பத்திரிக் கஞ்சி இல்லீங்க, இந்த வீட்டு அடுப்புல வச்சது. ரெண்டாவது நாள் இன்னுங் கொஞ்சம் ஊத்தச் சொன்னீங்க.”

பிறகு மகளிடம் திரும்பினாள்.

“சம்மந்திதான் எப்பவோ கை நனைச்சிட்டாரே. நீ போயி வெத்தலத் தட்ட எடுத்துட்டு வா.”