ஆளுக்கொரு பலகை

ஊரில் வரியை ஒழித்த மறு வருடமே வாய்க்கால் பாலம் நடுவில் உடைந்து விழுந்தது. கட்டித் தரச் சொல்லிக் கேட்க ஓர் ஆபீஸ் இல்லை. ஆளுக்கொரு பலகை செய்துகொண்டார்கள். உடைந்த இரு முனைகளுக்கும் குறுக்கே போட்டு நடந்து, மறுமுனை போனதும் இழுத்து அக்குளில் இடுக்கிக்கொள்வார்கள். வரி ஒழிப்பு ஊர்வலத்தில் முதல் கொடி பிடித்த பிச்சாண்டியின் பலகை தேக்கு.

அன்று வெள்ளம் கரை தொட்டு ஓடியது. காய்ச்சலில் துவண்ட மகளைத் தோளில் போட்டபடி அவர் மனைவி செண்பகவடிவு நின்றாள். ஆஸ்பத்திரி அக்கரையில்.

"அண்ணாச்சி, எம் பலகைய வெள்ளம் கொண்டுபோயிட்டு. உங்க பின்னாலயே நானும் வந்துருதேன்" என்றான் பக்கத்து வீட்டுத் தவசிமுத்து.

"இன்னைக்கு உமக்கு, நாளைக்கு ஊருக்கா? அதுக்குப் பேருதாம்வே வரி!"

மனைவியிடம், "நீ பின்னாலயே வா" என்று சொல்லிவிட்டுப் பிச்சாண்டி முன்னால் நடந்தார். தவசிமுத்துவின் மேல் மூண்ட ஆத்திரம் பலகையைக் கடந்தும் அடங்கவில்லை. மறுமுனையில் கால் பட்டதும், எத்தனையோ வருடப் பழக்கம், திரும்பிக் குனிந்து பலகையின் முனையைப் பற்றினார். யாரோ கத்தினார்கள். வெள்ளத்தின் இரைச்சலில் ஒன்றும் புரியவில்லை. பலகை இன்று என்னமோ கனத்தது. ஓசியில் ஏறிவிட்டான் பயல் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, நிமிர்ந்துகூடப் பாராமல், ஓங்கி இழுத்தார்.