பளபளப்பான பக்கம்

உருகிய அலுமினியக் கலவை சுழலும் செம்புச் சக்கரத்தில் பட்டுச் சட்டென்று குளிர்ந்தால், படிகமாக நேரமின்றி, வளைத்தாலும் ஒடியாத உலோகக் கண்ணாடியாகிவிடும். ஆய்வகத்தில் ஜெபராஜ் அப்படி வார்த்த மெல்லிய உலோக நாடாவில் சக்கரத்தைத் தொட்ட மங்கலான பக்கம் மட்டுமே அப்படி ஆகியிருந்தது. மெதுவாகக் குளிர்ந்த பளபளப்பான பக்கத்தில் எளிதில் ஒடியும் படிகங்கள் இருந்தன. எக்ஸ்ரே சோதனையில் இரண்டையும் பார்த்த சுகிர்தா, மங்கலான பக்கத்தை மட்டும் காட்டி, நாடா முழுவதும் கண்ணாடி என்று ஆய்வுக் கட்டுரையை அனுப்பியிருந்தாள். அவனிடமும் சொல்லவில்லை.

கட்டுரை ஏற்கப்பட்ட அன்று அவன் ஜிலேபியோடு வந்தான்.

"முழுசும் கண்ணாடின்னா ஒடியாதுல்ல? உனக்கு மோதிரமே போடலாம்."

பளபளப்பான பக்கம் வெளியே இருக்க, நாடாவை விரலில் வளைத்தான். டக்கென்று ஒடிந்தது.

"ஐயோ, நான்தான் முரட்டுத்தனமா வளைச்சுட்டேன். மன்னிச்சுக்கோ சுகி."

அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் துண்டுகளை வாங்கிக்கொண்டாள். மங்கலான பக்கம் மேலே தெரியும்படிதான் அவள் கை அவற்றை மேஜையில் வைத்தது.