ஒன்பதாயிரத்து நாற்பத்தொன்றாவது வரி

"மூணே நாள்ல மூட்டை கட்டிடுவே" என்று கணவர் சொல்லியிருந்தார். இன்று மூன்றாம் நாள். கணினி வகுப்பின் ஐம்பது வயது மாணவியும் மூட்டை கட்டும் யோசனையில்தான் இருந்தாள். கறுப்புத் திரையில் எந்தக் கட்டளையை அடித்தாலும், கையோடு 'பிடபிள்யூடி' என்றும் அடித்துவிடுவாள். எந்த ஃபோல்டரில் நிற்கிறோம் என்று சொல்லும் கட்டளை அது.

"அக்கா, உங்களை யாரும் தூக்கிட்டுப் போகல" என்றாள் ஆசிரியை. "ஹிஸ்டரின்னு அடிங்க. இதுல நீங்க அடிச்சதெல்லாம் வரும்."

இன்று காலையில்தான் அவளுக்காகப் பெட்டியிலிருந்து எடுத்த புதுக் கணினி. அவள் அடித்தது பதினான்கு வரி. பட்டியலோ 9041 வரை ஓடியது. முதல் பதினான்கும் அவளுடையவை, பாதி பிடபிள்யூடி. பிறகு பிடபிள்யூடி பத்து வரிக்கு ஒன்றானது. ஆயிரத்துக்குப் பின் ஒன்றுகூட இல்லை. கடைசி வரி ஒரு புது ஃபோல்டரை உருவாக்கியிருந்தது. அதன் பெயர் 'என் மாணவர்கள்'.

ஆசிரியை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். கறாரான கடைக்காரர் சொன்ன விலைபோல எண் இறங்கவே இல்லை.

"அக்கா, இதெல்லாம் நீங்களா அடிச்சீங்க?"

"இன்னும் இல்ல" என்றாள் மாணவி. "நாளைக்கு கிளாஸ் எத்தனை மணிக்கு?"