அகஸ்ரினாவின் கால்

கடற்காற்று கிளினிக்கின் திரைச்சீலையை இழுத்து இழுத்து விடுகிறது. ஜன்னல் வெயில் கதிரைக்குக் கீழே விழுந்து அகஸ்ரினாவின் வலது பாதத்தில் ஏறி நிற்கிறது. சீனி வருத்தம், அந்த நீரிழிவு, தின்ற விரல்கள் கருவாடுபோல் கறுத்திருக்கின்றன. ஓர் ஈ அங்கேயே வட்டமிடுகிறது. டொக்டர் அவளைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நிற்கும் மகன் ஜெராட்டைப் பார்த்தே, முழங்காலுக்குக் கீழே எடுக்காவிட்டால் நஞ்சு ஏறிவிடும் என்கிறார். ஜெராட் குரலைத் தாழ்த்துகிறான். "வயசுபோன மனுசி, டொக்டர். வெட்டினால் தாங்கமாட்டா. மருந்து கட்டிக்கொண்டு இருக்கிறமட்டும் இருக்கட்டும்." "உங்கட முடிவு," என்று டொக்டர் பேனையை மூடுகிறார். அகஸ்ரினா கைத்தடியால் சீமெந்துத் தரையில் ஓங்கித் தட்டுகிறாள். சுவரோர வாங்கில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தவர்களும் அடங்கிப்போகிறார்கள். "கால் என்ர. என்னட்டக் கேளுங்கோ. ஆமிக்காரன் ஏறு எண்டான், பஸ்ஸில ஏறினன். முகாமில இரு எண்டான், இருந்தன். எங்கட ஊர் அரிப்புக்குத் திரும்பிப் போ எண்டாங்கள், வந்தனான். புதுவீட்டுக் கூரைக்குக் கீழ இன்னும் ஒரு மாரிகூடக் காணேல்ல. எனக்கு உயிரோட இருக்கோணும். வெட்டுங்கோ." டொக்டர் தன் கதிரையை இப்போதுதான் அவள் பக்கம் திருப்புகிறார். "பயமில்லையோ, அம்மா?" அவள் கைத்தடியை மகனின் நெஞ்சுக்கு நேரே நீட்டுகிறாள். "வெட்டின காலை எரிக்க விடாத. சேமக்காலையில உன்ர கொப்பற்ர கல்லறைக்குப் பக்கத்தில புதை. அந்தாள் கேட்டால் சொல்லு, மிச்சத்தோட நான் ஆறுதலா வாறனெண்டு."