பதினெட்டாம் மாடியில் ஓர் அவசரம்

"அக்கா, உந்தக் கதவை ஒருக்காத் திறங்கோ. அவசரம்!"

மங்கையற்கரசி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். பல்கனிச் சுவருக்கு மேலே, புறா வராமல் கட்டிய வலைக்கு அப்பால், ஒரு மஞ்சள் ஹெல்மெற்றும் ஒரு சிரிப்பும் தெரிந்தன. கிருபன். கயிற்றில் இறங்கி உயர்ந்த கட்டடங்களின் கண்ணாடி துடைப்பவன். அவள் கணவன் அருள்நாயகத்தோடு ஒன்றாக வேலை செய்தவன்.

"என்னடா அவசரம்?"

"ஒண்டுக்குப் போகவேணும். பதினெட்டு மாடியும் இறங்கிறதுக்குள்ளை மானம் போயிடும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல்கனிக் கதவடிக்கு வந்தாள். ஆனால் கை கதவுப் பிடியிலேயே நின்றது. பதினான்கு மாதத்துக்கு முன், அருள்நாயகம் வேறொரு கட்டடத்திலிருந்து விழுந்து இறந்த அன்று பூட்டிய கதவு அது.

"நான் வெளியிலை வரமாட்டன் கிருபன். கீழை பாத்தால் அவர் கிடக்கிறமாதிரி இருக்கு."

"கீழை ஏன் பாக்கிறியள்? என்ரை மூஞ்சியைப் பாருங்கோ. இதைவிடப் பயங்கரம் இந்தச் சென் ஜேம்ஸ் ரவுண் முழுக்கத் தேடினாலும் இல்லை."

"பகிடியை விடு. கயிறு சரியோ? அவரின்ரை கயிறு கூரை விளிம்பிலை தேஞ்சுதானே..."

"அண்ணைக்கு ஒரு கயிறு. எனக்கு ரெண்டு. ஒண்டிலை இருந்து வேலை செய்யிறது, மற்றது காவலுக்கு. வாங்கோ அக்கா, நாலே நாலு எட்டு."

கதவு கிரீச்சிட்டுத் திறந்தது. காற்று முகத்தில் அடித்தது. அவன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தாள். வலையின் முடிச்சுகள் இறுகிக் கிடந்தன.

"பொறு, கத்தி எடுத்துக்கொண்டு வாறன்."

"கத்தி வேண்டாம்!" அவன் குரல் சட்டென்று உயர்ந்து, உடனே பழையபடி இறங்கியது. "நல்ல வலை, ஏன் பழுதாக்குவான்? விரலாலை அவிழுங்கோ. ஆறுதலாய்."

"அவசரமெண்டாய்?"

"அடக்குவன்."

"கயிறு தேயாமல் கூரை விளிம்பிலை சாக்குப் போட்டனீயோ?"

"அந்த மூலை முடிச்சைப் பாருங்கோ அக்கா."

ஒவ்வொன்றாக அவிழ்ந்து வலை விலகியது. கிருபன் சுவரில் வயிற்றைக் கொடுத்து உருண்டு உள்ளே விழுந்தான். இடுப்புக் கொளுக்கியைக் கழற்றினான். எழும்ப முடியவில்லை, இரண்டு காலும் விறைத்திருந்தன.

அவள் நிமிர்ந்து கீழே பார்த்தாள். வெலஸ்லி வீதியில் ஒரு பஸ் திரும்பிக்கொண்டிருந்தது. வெறும் பஸ்தான்.

"பாத்தியே, நான் வந்திட்டன்!" என்றாள். "எழும்பு, வாஷ்ரூம் அந்தப் பக்கம்."

"முதல் போனைத் தாங்கோ."

நீண்ட வயரோடு ரெலிபோனைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். அவன் முதலாளியின் நம்பரை அழுத்தினான்.

"அண்ணை, கயித்திலை நிக்கிற எல்லாரையும் உடனை நிப்பாட்டுங்கோ. கூரை விளிம்பு வெட்டுது. என்ரை வேலைக்கயிறு அறுந்து கால் மணித்தியாலம், காவல் கயித்திலைதான் தொங்கினனான்... இல்லை, அக்காவுக்குச் சொல்லேல்லை. சொல்லியிருந்தால் கதவு திறந்திருக்கமாட்டா."