ஆறாவது விசில்

அழகுசுந்தரம் கையைத் தூக்கினான். அடுத்த விசில் ஊதியதும் சாலாவும் தூக்கினாள். அவன் இறக்கினான். மறு விசிலுக்கு இவளும் இறக்கினாள்.

நாகநாதனுக்கு வயிறு எரிந்தது. ஆடி கழிந்ததும் சாலாவைப் பெண் கேட்கச் சொல்லி அம்மாவை நச்சரித்துக்கொண்டிருப்பவன் அவன். காதலுக்குக் கண் இல்லை என்பார்கள். இவனுக்கு இருந்த இரண்டும் மூன்று நாளாக அவள் மேலேதான்.

1973-ல் காரைக்குடிக் கல்லூரி ஒன்றில் கம்ப்யூட்டர் ஏது? உடம்பில் ஒரு ஜீன் இன்னொரு ஜீனை எப்படி முடுக்குகிறது, எப்படி அடக்குகிறது என்று காட்ட, பேராசிரியர் செபஸ்தியான் பன்னிரண்டு மாணவர்களையே ஜீன்களாக்கி மைதானத்தில் நிறுத்தியிருந்தார். ஆளுக்குச் சட்டையில் ஒரு நம்பர், கையில் ஒரு சீட்டு. சீட்டில் யார் நம்பரோ அவரைப் பார்த்துத்தான் அடுத்த விசிலுக்குக் கையைத் தூக்கவோ இறக்கவோ வேண்டும். சீட்டை யாருக்கும் காட்டக் கூடாது.

கணக்குப்படி ஆறாவது விசிலில் எல்லாக் கைகளும் தொடங்கிய நிலைக்கே திரும்ப வேண்டும். இன்றும் திரும்பவில்லை. நாளைக்கு மெட்ராஸிலிருந்து பெரிய புரொபசர்கள் பார்க்க வருகிறார்கள்.

"வெயிலு மண்டையப் பொளக்குதுடா" என்று நாகநாதனுக்குப் பின்னால் நின்ற கோட்டைச்சாமி முனகினான். நாகநாதன் காதில் விழவில்லை.

செபஸ்தியான் விசிலை வீசி எறிந்தார். "யாரோ சீட்ட விட்டுட்டு வேற ஆளப் பாக்குறீக. ஆரு அது? நாளைக்கு அந்த ஆளு மைதானத்துக்கே வரக் கூடாது!"

"சாலாதான் ஐயா!" நாகநாதன் பொரிந்து தள்ளினான். "சீட்ட எங்க பாக்குது அது? அழகுசுந்தரத்தையேல்ல பாத்துக்கிட்டு நிக்குது!"

மைதானமே சிரித்தது. சாலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சீட்டை நீட்டினாள். நாலு என்று இருந்தது. அழகுசுந்தரத்தின் சட்டையில் குத்தியிருந்ததும் நாலுதான்.

"எல்லாரும் சீட்டக் காட்டுங்க" என்றார் செபஸ்தியான்.

நாகநாதன் சட்டைப்பையைத் துழாவி, கசங்கிக் கிடந்ததை எடுத்துக் கொடுத்தான். ஒன்பது.

"ஒம்போதா? அது நாந்தானே!" என்றான் கோட்டைச்சாமி. "மூணு நாளா இவன் ஒருதரங்கூட என் பக்கம் திரும்பலையே ஐயா!"

சாலா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அப்ப, இம்புட்டு நாளா நீங்க யாரப் பாத்துக் கையத் தூக்குனீக?"